குதிரையில இருந்து விழுந்தா கழுத்து ரத்தக்குழாய் கிழியுமா? அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

என் தம்பி கிண்டி ரேஸ் கோர்ஸ்ல ஒரு ட்ரெய்னர்கிட்ட எட்டு வருஷம் ரைடிங் பாயா இருந்தவன். விடியறதுக்கு முன்னாடியே லாயத்துல இருந்து குதிரைய பிடிச்சிட்டு போயி ட்ராக் ஒர்க், அதாவது ரேஸ் மைதானத்துல ஓட்டி பயிற்சி, குடுக்கறதுதான் வேலை. எங்க ஊரு கடலூர் முதுநகர், நான் பாண்டியில பதினோரு வருஷமா ஸ்டாஃப் நர்ஸ். அவன் ஒரு நாள் விழுந்து, ஆறு நாள் கழிச்சு கழுத்து ரத்தக்குழாய் கிழிஞ்சிருக்குன்னு தெரிஞ்சுது. அதுல இருந்து லாயத்துல வேலை செய்யற பசங்களோட அம்மாங்க, ஆரோவில் பக்கம் பிள்ளைங்கள குதிரை கத்துக்க அனுப்பறவங்க, எல்லாரும் ஃபோன் பண்ணி கேக்கறதுக்கு திரும்ப திரும்ப ஒரே பதில சொல்லிட்டு இருக்கேன், அதான் மொத்தமா எழுதிட்டேன்.

கழுத்துல ரத்தக்குழாய் கிழியறதுன்னா என்ன, வெளிய ரத்தம் வருமா?

பெரும்பாலும் வெளிய ஒண்ணுமே தெரியாது, அதுதான் இதுல இருக்கற ஆபத்தே. மூளைக்கு ரத்தம் கொண்டு போறது நாலு பெரிய குழாய். முன்பக்கம் தொண்டைக்கு ரெண்டு பக்கமும் கரோட்டிட், கழுத்துல நாடி பிடிச்சு பாக்கறமே அதுதான். பின்பக்கம் கழுத்தெலும்புல இருக்கற சின்ன சின்ன ஓட்டைக்குள்ள நூல் கோத்த மாதிரி ஏறிப்போறது வெர்டிப்ரல், அதுவும் ரெண்டு. இந்த குழாயோட சுவர் மூணு அடுக்கு. உள் அடுக்குல ஒரு கீறல் விழுந்தா ரத்தம் அந்த வழியா சுவருக்குள்ளயே புகுந்துடும், புது சட்டையில உள் துணி கிழிஞ்சு நாம கைய விடும்போது கை துணிக்கும் துணிக்கும் நடுவுல போயி மாட்டிக்குமே, அந்த மாதிரி. உள்ள ரத்தம் தேங்கி சுவர் உப்பி குழாய் குறுகிடும், இல்ல கீறல் விழுந்த இடத்துல ரத்தம் உறைஞ்சு கட்டியா ஆகி அது பிச்சிக்கிட்டு மூளைக்கு போயிடும். அதுதான் பக்கவாதம். இத டாக்டருங்க டிசெக்‌ஷன்னு சொல்லுவாங்க.

விழுந்தா கை கால்தான உடையும், கழுத்துக்குள்ள இருக்கற குழாய்க்கு எப்படி அடி படும்?

அடியே பட வேணாம், இழுபட்டாலே போதும். ஓடற குதிரை மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்துல போகும், அது நானூத்தம்பது, ஐநூறு கிலோ இருக்கும், மேல உக்காந்திருக்கறவன் அம்பது சொச்சம். உடம்பு தரையில பட்டு நின்னுடுது, தலை மட்டும் நிக்காம போயிட்டே இருக்கு, அந்த அரை நொடியில கழுத்து பின்னாடி மடங்கி ஒரு பக்கமா திரும்பிடும். தலை வலது பக்கம் திரும்பி பின்னாடி சாஞ்சா இடது கரோட்டிட் கழுத்தெலும்பு மேல வீணை கம்பி மாதிரி இழுபடும். வெர்டிப்ரலுக்கு ஆபத்தான இடம் மண்டையோட்டுக்கு கொஞ்சம் கீழ, முதல் ரெண்டு எலும்புகிட்ட, அங்கதான் குழாய் வளைஞ்சு நெளிஞ்சு போகுது, நாம தலைய திருப்பறப்ப அதிகமா திரும்பறதும் அதே இடம்தான்.

இன்னொண்ணு யாரும் யோசிக்கறதில்ல. ரேஸ் ஓட்டறவங்க குட்டை ஸ்டிரப்புல (சேணத்துல தொங்கற கால் வளையம்) காலை வெச்சு முன்னாடி குனிஞ்சு முகத்த மட்டும் நிமித்தி பாத்துட்டு போவாங்க, அதாவது விழறதுக்கு முன்னாடியே கழுத்து பின்னாடி மடங்கின நிலையிலதான் இருக்கு.

விழாம கூட ஆகலாம். குதிரை தலைய வெடுக்குன்னு தூக்கி தாடையில இடிக்கறது, கழுத்துல உதை விழறது, பழக்கற கயிறு கழுத்துல சுத்திக்கறது, எல்லாமே இதுக்கு வழிதான்.

உங்க தம்பிக்கு என்னதான் ஆச்சு?

ட்ராக்ல ஒரு பிளாஸ்டிக் கவர் காத்துல பறந்து வந்திருக்கு, குதிரை மிரண்டு பக்கத்துல தாவிடுச்சு. இவன் வலது தோள் பட விழுந்து ஒரு உருளு உருண்டு எழுந்துட்டான். ஹெல்மெட்ல ஒரு சின்ன தேய்ப்பு, தோள்ல செராய்ப்பு. குதிரைய சயிஸ் (குதிரைய பாத்துக்கறவர்) பிடிச்சிட்டாரு, இவனே நடந்து லாயத்துக்கு போயி டீ குடிச்சிருக்கான். மறுநாள் இடது பக்கம் கழுத்துல இருந்து தாடை வழியா கண்ணுக்கு பின்னாடி வரைக்கும் ஒரு வலி, லீவு போட்டு ஊருக்கு வந்துட்டான்.

எனக்கு ஃபோன் பண்ணி சொன்னப்ப, நர்ஸா இருக்கற நானே, சுளுக்கா இருக்கும்டா தைலம் தேச்சு படு, சனிக்கிழமை வந்து பாக்கறேன்னு சொன்னேன். அத நெனச்சா இப்பவும் நெஞ்சு அடைக்குது. அவன் மூணாவது நாள் முடி வெட்ட போன இடத்துல கழுத்துல நெட்டி வேற எடுத்துட்டு வந்திருக்கான். காதுல உஷ் உஷ்னு நாடி அடிக்கற மாதிரி சத்தம் கேக்குதுன்னு அம்மாகிட்ட சொன்னதுக்கு, காதுல தண்ணி போயிருக்கும்னு அம்மா நல்லெண்ணெய் காய்ச்சி விட்டிருக்காங்க.

ஆறாவது நாள் காலையில வாசல்ல உக்காந்து பழைய சோறு சாப்ட்டுட்டு இருந்தான். வெயில் மூஞ்சியில பட்டுச்சு. அப்பதான் அம்மா பாத்தாங்க, இடது கண்ணு இமை கொஞ்சம் எறங்கி இருக்கு, தூக்கம் விட்டு எழுந்தவன் மாதிரி. எனக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்ப சொன்னேன். பெருசு பண்ணி பாத்தா இடது கண்ணு பாப்பா வலத விட சின்னது. கை கால்ல ஒரு கொறையும் இல்ல, பேச்சு நல்லா இருக்கு, ஆனா அந்த ரெண்டையும் பாத்ததும் எனக்கு கை நடுங்கிடுச்சு. கரோட்டிட் சுவர் மேல படர்ந்து மேல போற மெல்லிசு நரம்பு ஒண்ணு இருக்கு, குழாய் உப்பினா அந்த நரம்பு நசுங்கி இமை எறங்கும், பாப்பா சுருங்கும். ஹார்னர்ஸ்னு படிச்சிருக்கோம். அன்னிக்கே ஸ்கேன் எடுத்தோம், இடது கரோட்டிட் மண்டையோட்டுக்கு கீழ நூல் மாதிரி மெலிஞ்சு போயிருந்துச்சு.

சாதா சுளுக்குக்கும் இதுக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கறது?

வலிய மட்டும் வெச்சு உறுதியா சொல்ல முடியாது, அதான் உண்மை. ஆனா சுளுக்கு வலி கழுத்த அசைச்சா அதிகமாகும், அசையாம படுத்தா கொறையும், நாளுக்கு நாள் எறங்கும். இந்த வலி ஒரே பக்கம் நிக்கும், இதுக்கு முன்னாடி இப்படி ஒரு வலி வந்ததே இல்லன்னு அவங்களே சொல்லுவாங்க. முன் குழாய்னா கழுத்து, தாடை, கண்ணு சுத்தி, பின் குழாய்னா பிடரியும் பின்மண்டையும்.

வலியோட கூட இதுல ஒண்ணு சேந்தா ஒரு நிமிஷம் கூட வீட்ல வெச்சு பாக்காதீங்க: இமை எறங்கறது, ஒரு கண்ணு பாப்பா சின்னதாறது (மங்கலான வெளிச்சத்துல நல்லா தெரியும்), நாடியோட சேந்து காதுல சத்தம், பார்வை ஒரு கண்ணுல திரை விழுந்த மாதிரி போயி வர்றது, பேச்சு கொழறறது, வாய் கோணறது, கையோ காலோ சொன்ன பேச்சு கேக்காதது. பின் குழாய்க்கு வேற மாதிரி வரும், தலை சுத்தி வாந்தி, நடந்தா ஒரு பக்கமா தள்ளிட்டு போகும், ரெண்டு ரெண்டா தெரியும், முழுங்க முடியாது, விடாம விக்கல் வரும். மூஞ்சி ஒரு பக்கம் மரத்து உடம்பு மறுபக்கம் மரத்து போறது கூட உண்டு. இத பித்தம்னு நெனச்சு எலுமிச்சம்பழம் மோந்து பாக்க வெச்சுட்டு உக்காந்திருக்கறவங்க நெறைய பேரு.

விழுந்து எத்தன நாள் வரைக்கும் பயப்படணும்?

அடி பட்ட உடனே ஒண்ணும் தெரியாம சில மணி நேரமோ ரெண்டு மூணு நாளோ கழிச்சு அறிகுறி வர்றதுதான் இதோட வழக்கம், பக்கவாதம் வர்றதா இருந்தா பெரும்பாலும் முதல் ரெண்டு வாரத்துக்குள்ள வரும். அதனால முதல் ரெண்டு வாரம் கவனம். இந்த இடைவெளிய நான் கடவுள் குடுத்த டைம்னுதான் சொல்லுவேன், குழாய் கிழிஞ்சத நம்மால தடுக்க முடியல, ஆனா அதுக்கும் பக்கவாதத்துக்கும் நடுவுல சில நாள் கெடைக்குது, எங்க தம்பிக்கு கெடைச்சது ஆறு நாள். விழுந்த தேதியும் நேரமும் எந்த பக்கம் விழுந்தான்றதும் ஒரு பேப்பர்ல எழுதி வைங்க, இல்லன்னா டாக்டர் கேக்கும்போது அடி பட்டதையே சொல்ல மறந்துடுவாங்க.

சலூன்ல நெட்டி எடுத்தா, சுளுக்கு வழிச்சா சரியாகாதா?

கைய கூப்பி கேட்டுக்கறேன், வேணாம். கழுத்த பிடிச்சு வெடுக்குன்னு திருப்பி சொடக்கு விடறது நல்லா இருக்கற கழுத்துலயே வெர்டிப்ரல் குழாய கிழிச்ச கேஸ் உலகம் பூரா பதிவாகி இருக்கு. ஏற்கனவே உள்ள கீறல் விழுந்திருக்கற கழுத்த திருப்பினா அந்த கீறல் நீளும், உறைஞ்ச கட்டி பிச்சிக்கும். எங்க தம்பிக்கு அந்த நெட்டியால கூடிச்சா இல்லையான்னு யாராலயும் சொல்ல முடியாது, ஆனா விழுந்த கழுத்து மேல யாரும் கை வெக்கக்கூடாது, அவ்ளோதான். சுளுக்கு வழிக்கறவங்களும் கட்டு போடறவங்களும் எங்க ஊர்ல மரியாதைக்குரியவங்க, கால் மடங்கினா நானே போயிருக்கேன். அது கணுக்கால், இது மூளைக்கு போற வழி.

சிடி ஸ்கேன் எடுத்தோம், நார்மல்னு அனுப்பிட்டாங்க, அப்பறம் என்ன?

எந்த சிடின்னு கேளுங்க. தலையில விழுந்த அடிக்கு சாதாரணமா எடுக்கறது மூளை சிடி, அதுல மண்டைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கா, எலும்பு விரிஞ்சிருக்கான்னுதான் தெரியும். கழுத்து குழாய் அதுல வராது. எக்ஸ்ரேல எலும்பு மட்டும். இதுக்கு எடுக்க வேண்டியது சிடி ஆஞ்சியோ, கையில ஊசி வழியா மருந்து ஏத்தி நெஞ்சுல இருந்து தலை வரைக்கும் குழாய மட்டும் படம் பிடிப்பாங்க, மெஷின்ல படுத்திருக்கறது சில நிமிஷம்தான். எம்ஆர்ஐயில சுவருக்குள்ள தேங்கின ரத்தம் பிறை மாதிரி வெள்ளையா தெரியும். கழுத்துல ஜெல் தடவி பாக்கற டாப்ளர் நல்லதுதான், ஆனா மண்டையோட்டுகிட்ட மேல இருக்கற கிழிசல அது தவற விட்டுடும், எங்க தம்பிக்கு இருந்தது சரியா அந்த இடம்.

கழுத்தெலும்பு முறிவு, மண்டையோட்டு அடிப்பக்கம் விரிசல், முகத்தெலும்பு மோசமா உடைஞ்சது, கழுத்துல கயிறு தடம், இதெல்லாம் இருந்தா அறிகுறி இல்லன்னாலும் குழாய பாத்துடணும்னு டாக்டருங்களுக்கு கணக்கு இருக்கு. உங்க பங்குக்கு, "சார் குதிரையில இருந்து விழுந்தான், ஒரு பக்கமா புதுசா கழுத்து வலி, கழுத்து குழாய பாத்துடலாமா"ன்னு வாய் விட்டு கேளுங்க. டாக்டர கேள்வி கேக்கறது மரியாதைக் கொறைவு இல்ல.

விழுந்த இடத்துல முதல்ல என்ன செய்யணும்?

ஆள தூக்கி நிமித்தாதீங்க. மூச்சு நல்லா இருந்தா ஹெல்மெட்ட உருவாதீங்க, ஒருத்தர் தலைய ரெண்டு கையால அசையாம பிடிச்சுக்கணும், 108 வர்ற வரைக்கும் அப்படியே. ரெண்டு பேரு தோள் கொடுத்து ஆட்டோவுல மடக்கி உக்கார வெச்சு கொண்டு போறதுதான் எல்லா ஊர்லயும் நடக்குது, கழுத்தெலும்பு உடைஞ்சிருந்தா அந்த ஆட்டோ பயணமே ஆள முடக்கிடும். ஆஸ்பிரின் மாத்திரை நீங்களா குடுக்காதீங்க, உள்ள ரத்தக்கசிவு இல்லன்னு ஸ்கேன் சொன்னதுக்கு அப்பறம்தான் அது மருந்து. வலிக்கு பாராசிட்டமால் போதும்.

எங்க போறது?

கடலூர்னா மஞ்சக்குப்பம் ஜிஹெச், அங்க இருந்து தேவைப்பட்டா பெரிய இடத்துக்கு அனுப்புவாங்க. பாண்டின்னா கோரிமேட்டுல ஜிப்மர், நியூராலஜியும் நியூரோ சர்ஜரியும் ஒரே இடத்துல இருக்கு. கடலூர்ல இருந்து நேரா ஜிப்மர் போறவங்க அரியாங்குப்பம், மரப்பாலம் ட்ராபிக்க கணக்குல வெச்சுக்கோங்க, சாயங்காலம்னா அங்கயே அரை மணி நேரம் போயிடும். கை கால் விழுந்துடுச்சுன்னா ஒவ்வொரு நிமிஷமும் மூளைதான் போகுது, கட்டிய கரைக்கற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அந்த நாலரை மணி நேரம் ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து இல்ல, கடைசியா நல்லா இருந்த நேரத்துல இருந்து. கழுத்துல கிழிசல் இருக்குன்றதுக்காக அந்த ஊசிய மறுக்க வேண்டியதில்ல, டாக்டர் பாத்து முடிவு பண்ணுவாரு. பெரிய குழாய் அடைச்சிருந்தா தொடை வழியா கம்பி விட்டு கட்டிய இழுத்து எடுக்கறதும் இருக்கு.

ஆபரேஷன் பண்ணணுமா?

பெரும்பாலானவங்களுக்கு மாத்திரைதான். ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின் மாதிரி ஒண்ணு, இல்ல வார்ஃபரின் மாதிரி ரத்தத்த இளக்கறது ஒண்ணு, மூணுல இருந்து ஆறு மாசம். எது ஒசத்தின்னு 250 பேர வெச்சு கேடிஸ்னு ஒரு ஆய்வு பண்ணி 2015ல வெளியிட்டாங்க, ரெண்டு பக்கமும் பக்கவாதம் வந்தவங்க ரொம்ப கொறைவு, பெரிய வித்தியாசம் தெரியல. அதனால பக்கத்து வீட்டுக்காரருக்கு குடுத்த மாத்திரை நமக்கு ஏன் குடுக்கலன்னு சண்டை போட வேணாம். மாத்திரை சாப்ட்டும் திரும்ப திரும்ப வந்தா, குழாய் வெளிப்பக்கமா பலூன் மாதிரி வீங்கிட்டே போனா, அப்பதான் ஸ்டென்ட் (குழாய்க்குள்ள வெக்கற வலை மாதிரி கம்பி) பத்தி பேசுவாங்க. குறுகின குழாய் பலருக்கு சில மாசத்துல தானாவே விரிஞ்சுடுது, உடம்பு அவ்ளோ வேலை செய்யுது. நாம மாத்திரைய நடுவுல நிறுத்தாம இருக்கணும்.

ஹெல்மெட், பாதுகாப்பு வெஸ்ட் எல்லாம் போட்டுத்தான ஓட்டறான்?

ஹெல்மெட் மண்டைக்கு, வெஸ்ட் விலா எலும்புக்கு. கழுத்து திறந்துதான் கெடக்கு. அதுக்காக அத ரெண்டையும் விடக்கூடாது, தாடை வார் இறுக்கமா இருக்கணும், ஒரு தடவை பலமா அடி பட்ட ஹெல்மெட்ட மாத்திடணும், வெளிய விரிசல் தெரியலன்னாலும். எங்க தம்பி அதே ஹெல்மெட்ட வெச்சிருந்தான், நான்தான் வாங்கி ஒதுக்கிட்டேன். விழறதுக்குன்னே ஒரு பயிற்சி இருக்கு, தாடைய நெஞ்சோட ஒட்டி கைய ஊனாம உருண்டு போறது, நல்ல ட்ரெய்னருங்க அத சொல்லி குடுக்கறாங்க.

கிரிக்கெட் வீரர் ஒருத்தர் இதுலதான் இறந்தாராமே?

ஆமா. ஆஸ்திரேலியாவோட ஃபிலிப் ஹ்யூஸ், 2014 நவம்பர் 25ஆம் தேதி சிட்னியில பவுன்சர் கழுத்து பக்கவாட்டுல பட்டுச்சு, ரெண்டு நாள் கழிச்சு 27ஆம் தேதி இறந்துட்டாரு. அவருக்கு கிழிஞ்சது வெர்டிப்ரல் குழாய், ரத்தம் மூளைய சுத்தி பரவிடுச்சு. அதுக்கு அப்பறம்தான் ஹெல்மெட்டுக்கு பின்னாடி கழுத்து காப்பு வந்துச்சு. குதிரை ஓட்டறவங்களுக்கும் அப்படி ஒண்ணு பரவலா வரணும்னு எனக்கு ஆசை.

வெயிட்ட கொறைக்க பட்டினி கெடக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

குழாய் கிழிய அது நேரடி காரணம்னு சொல்ல முடியாது. ஆனா ஜாக்கிங்க, அதாவது ரேஸ் குதிரை ஓட்டறவங்க, ரேஸுக்கு முன்னாடி தண்ணி கூட குடிக்காம வேர்க்க வெச்சு வெயிட்ட எறக்குவாங்க, உடம்பு வத்தினா ரத்தம் கெட்டியாகும், தலை கிறுகிறுக்கும், கை பிடி தளரும், விழ வாய்ப்பு அதிகம். இருவது வயசு பையன் ரேஸ் நாள்ல எச்சில் முழுங்க யோசிக்கறத நான் கேட்டிருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும்.

இது அடிக்கடி வர்றதா?

இல்ல, அரிதுதான். அடி பட்டோ படாமலோ கழுத்து குழாய் கிழியறது மொத்தமா வருஷத்துக்கு லட்சத்துல மூணு பேருக்கு வருதுன்னு வெளிநாட்டு கணக்கு. ஆனா அம்பது வயசுக்குள்ள வர்ற பக்கவாதத்துல முக்கியமான காரணங்கள்ல இது ஒண்ணு. இந்தியாவுல நடக்கறது தரையில ஓடற ஃப்ளாட் ரேஸ், இங்கிலாந்து, அயர்லாந்துல வேலி தாண்டற ரேஸ்ல விழறது பல மடங்கு அதிகம். அதுக்காக குதிரை கத்துக்கற பிள்ளைய நிறுத்த வேணாம், விழுந்தா வீட்ல வந்து மறைக்காம சொல்ற பழக்கத்த மட்டும் பண்ணி விடுங்க, திட்டுவாங்கன்னு மறைக்கற பிள்ளைங்கதான் அதிகம்.

பரம்பரையா வருமா?

சில பேருக்கு குழாய் சுவரே பிறவியில மெலிசு. விரல் மூட்டு அளவுக்கு மீறி வளையறது, குடும்பத்துல சின்ன வயசுல குழாய் வெடிச்சு இறந்தவங்க இருக்கறது, இத டாக்டர்கிட்ட சொல்லணும். மைக்ரேன், ரத்தக்கொதிப்பு இருக்கறவங்களுக்கும் கொஞ்சம் கூடுதல்.

மறுபடி குதிரை ஏறலாமா? தம்பி இப்ப எப்படி இருக்கான்?

ஆறி முடியற வரைக்கும் குதிரையும் கிடையாது, கனமா தூக்கறதும் கிடையாது, திரும்ப ஸ்கேன் எடுத்து குழாய் விரிஞ்சத பாத்துட்டுத்தான் பேச்சே. அவனுக்கு ஆறாவது மாசம் எடுத்த ஆஞ்சியோவுல குழாய் கிட்டத்தட்ட பழைய அகலத்துக்கு வந்துடுச்சு. டாக்டர் நடை, மெதுவான ஓட்டம் வரைக்கும் சரின்னாரு, ரேஸ் வேகத்துல ட்ராக் ஒர்க் வேணாம்னுட்டாரு. அவன் ரெண்டு நாள் யாரோடயும் பேசல. இப்ப குட்டி குதிரைங்கள சேணத்துக்கு பழக்கற வேலையில இருக்கான், கயிற பிடிச்சிட்டு தரையில நின்னு. ராத்திரி அசதியா இருந்தா இடது இமை இன்னும் லேசா எறங்கும், அம்மா விளக்க மூஞ்சிகிட்ட கொண்டு போயி பாத்துட்டுதான் படுக்க விடுவாங்க.